தோக்கியோவுக்கு ஒரு கும்பிடு

துப்பறியும் நிபுணர் கதிரவேலு அதுவரைக்கும் மூன்று வழக்குகளை எடுத்திருந்தார். மூன்றும் அவருடைய உதவி இல்லாமலே முடிந்துபோயின. காணாமற்போன சைக்கிளை அதன் சொந்தக்காரரே குடித்துவிட்டு விற்றிருந்தார். காணாமற்போன ஆடு, அதன் அங்க அடையாளங்களை இவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தது. காணாமற்போன மணப்பெண்ணைத் தேடிக் குருண் ஊர் வரைக்கும் போனார். அங்கே அவளுடைய கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்கு முன்பு கதிரவேலு சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடை, செருப்பு, தகரப்பெட்டி எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி அலமாரியில் வைப்பது அவர் உத்தியோகம். பதினெட்டு வருஷம் அதைச் செய்ததால், தொலைந்த பொருள்களைப் பற்றித் தன்னைவிட விஷயம் தெரிந்தவர் கெடா மாநிலத்திலேயே கிடையாது என்று நம்பினார். அந்தப் பொருள்களை அவர் ஒருநாளும் தேடியதில்லை, தேடிக்கொண்டு வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசம் அவர் புத்தியில் ஏறவில்லை. வேலை போனதும் ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார்.

நான்காவது வழக்கு 1943ஆம் வருஷம் ஜூன் மாதம் வந்தது. அன்று காலை அவர் சிடாம் கிரிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தார். ஏறி மிதித்தால் பல் ஆடியது. ஆனால் சைக்கிள் இல்லாமல் போனால் மரியாதை இருக்காது என்று தள்ளிக்கொண்டே போனார்.

பக்கத்தில் பிச்சையம்மாள் நடந்தாள். நாற்பது வயது. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள், இப்போது டவுனில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்கிறவள். அவளை அவர் உதவியாளராக வைத்துக்கொள்ளவில்லை. மணப்பெண் வழக்கின்போது, இவ்வளவு மோசமாக ஒரு மனிதர் தேடி நான் பார்த்ததில்லை என்று வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள்.

"பிச்சையம்மா, நீர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வாரும். நான் யோசிக்கிறன்," என்றார் கதிரவேலு. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோபம் வந்தால் அந்தப் பேச்சு இன்னும் கெட்டியாகும்.

"யோசிங்க கிராணி. நான் வாய மூடுனா நீங்க நடந்துக்கிட்டே தூங்கிருவீங்க, அதான் பேசுறேன்." தோட்டத்துச் சனங்களுக்குப் பேனா பிடித்தவர் எல்லாரும் கிராணிதான். "மொதல்ல என்னா காணாமப்போச்சு, அதச் சொல்லுங்க."

"ஒரு காகிதம். நாவல்மரத் தோட்டத்திலயிருந்து சயாமுக்கு ரயில்பாதை போடப் போற நாற்பத்திரண்டு பேருடைய பட்டியல். ஒவ்வொரு பேருக்கு நேரையும் கைநாட்டு. நேற்றுக் காலமை ஜப்பான் அதிகாரிக்கு முன்னால, மேசைக்கு மேலயிருந்து மாயமாய்ப் போட்டுது."

"கெடைக்கலேன்னா?"

"தோட்டத் தலைவர் முருகையாவைக் கட்டிக்கொண்டு போயிடுவாங்கள். அந்த மனுசனைக் காப்பாத்தத்தான் போறன். இண்டைக்கு மத்தியான ரயிலுக்கு முந்திக் கண்டுபிடிக்க வேணும்."

"கெடச்சா?"

"கிடைச்சால் நாற்பத்திரண்டு பேரும் அந்த ரயிலில ஏறுவினம்."

பிச்சையம்மாள் வாயை மூடிக்கொண்டு கால் மைல் நடந்தது அதுவே முதல் தடவை. துப்பறியும் நிபுணராக இருந்தால் அதைக் கவனித்திருக்க வேண்டும். கதிரவேலுவோ சத்தமில்லாமல் இருந்ததில் சந்தோஷப்பட்டார். ஏப்ரல் மாதம் சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு கட்சிக்காரர் தன்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்ட பூரிப்பில் அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

நாவல்மரத் தோட்டத்தில் பாதி மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஆண்கள் மரம் சீவப் போயிருந்தார்கள். ஆபீசுக்கு முன்னால், தினமும் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில், முருகையா இவர்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு.

பின்னாளில் நகராண்மைக் கழகத்துக்கும் அதற்கப்புறம் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போன முருகையா இவர்தான். அரசியலில் அவருக்கு இருந்த முதல் மூலதனம் தொண்டை. பிரட்டில் பெயர் கூப்பிட ஆரம்பித்தவர், மூன்று குன்றுக்கு அப்பால் கேட்கும் குரல் என்பதால் கங்காணியானார். கங்காணியானதும் கோயில் திருவிழாக் கமிட்டி. திருவிழாவில் பேசிய பேச்சைக் கேட்டு மதுவிலக்குக் கமிட்டி. ஜப்பான்காரன் வந்ததும், யார் இங்கே தலைவன் என்று கேட்டானாம். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள், இவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தத் தேர்தலில் இவர் ஜெயித்தது அப்படித்தான். வீட்டில் உப்புக் கேட்பதாக இருந்தாலும் 'பெருமக்களே' என்றுதான் ஆரம்பிப்பார் என்று தோட்டத்தில் கேலி செய்வார்கள்.

"வாங்க, வாங்க. உங்கள மாதிரி ஒரு ஆளுதான் இந்த வேலைக்குச் சரின்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன்," என்று கதிரவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார் முருகையா. "அதிகாரி தக்கேதா, வெளியாள் ஒருத்தன் வந்து விசாரிக்கணும்னு ஒரே பிடியா நின்னாரு. போலீசுக்கு ஆள் அனுப்புறேன்னாரு. நான் விடல. ஐயா துவான், சுங்கைப் பட்டாணியில பெரிய துப்பறியும் நிபுணர் இருக்காருன்னு சொன்னேன். பேரு புகழ் எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

கதிரவேலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாத்தீரோ?" என்று பிச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்ததை ஒண்டும் விடாமல் சொல்லும், தலைவர்."

முருகையா சொன்னார். நேற்று விடிந்ததும் எல்லாரையும் களத்தில் நிறுத்தினார்கள், ஆணும் பெண்ணுமாக இருநூறு பேர். இந்த மேசை இங்கேயேதான் கிடந்தது. அதன் மேல் பட்டியல். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கிற கண்ணாடிக் கிண்ணம். பிறகு வழக்கம்போல் தோக்கியோவில் இருக்கும் சக்கரவர்த்திக்கு வணக்கம். முருகையா மேசைக்குப் பக்கத்தில் நின்று 'சைகேரேய்!' என்று கத்த வேண்டும். உடனே அதிகாரி உள்பட அத்தனை பேரும் வடகிழக்கே பார்த்து இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். 'நாவோரே!' என்று அவர் கத்தினால்தான் நிமிரலாம். நேற்று நிமிர்ந்து பார்த்தால் மங்கு இருந்தது, காகிதம் இல்லை.

"ஒருத்தர் விடாம அவுத்துப் பாத்துட்டாங்க, கிராணி. என்னையும் சேத்துத்தான். ஆபீசு, லயத்து வீடு, கோயில் எல்லாத்தையும் கெளறிட்டாங்க."

"வேற பட்டியல் எழுதினால் என்ன?"

"டாக்டர் வந்து எல்லாரையும் பாக்கணும், ஊசி போடணும், கைநாட்டு வாங்கணும். ஒரு வாரம் ஆவும். ஆள் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லேன்னுட்டேன்." முருகையா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. குரங்கு."

"குரங்கோ?"

"அந்தப் பலாமரத்துல நாலு குரங்கு இருக்கு. எல்லாரும் குனிஞ்ச நேரத்துல எறங்கி வந்து எடுத்துருக்கலாம்ல?"

"ஆமா கிராணி, குரங்கேதான்!" என்றாள் பிச்சையம்மாள். "போன வருசம் நான் இங்க வேல பாத்தப்ப எங்க தொங்கல் லயத்துல, அதான் கடைசி வரிசையில, ஒரு குரங்கு பஞ்சாங்கத்தையே கொண்டுபோயிருச்சு."

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த ஒன்றரை மணி நேரம் கதிரவேலு குரங்குகளைப் பின்தொடர்ந்தார். பலாமரத்தில் ஆறடி ஏறினார், அதைவிட வேகமாக இறங்கினார். நாலு குரங்கில் ஒன்று அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி, இரண்டு பக்கத்தைக் கிழித்து, மென்று பார்த்துத் துப்பிவிட்டது. அவர் அதுவரை சேர்த்த தடயங்களைப் பற்றி அதைவிட நேர்மையான அபிப்பிராயம் யாரும் சொன்னதில்லை.

"பாத்தீங்களா, காயிதம்னா அதுக்கு உசிரு," என்றாள் பிச்சையம்மாள். "இன்னும் அந்த மூங்கில் காட்டுப் பக்கம் பாக்கலாமா? கொஞ்ச தூரந்தான், ரெண்டு மைலு."

கதிரவேலுவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டுப் பக்கத்து லயத்தில் நுழைந்தார். குணவதி என்ற பெண் அங்கே குடையைப் பிரித்துப்போட்டு, கிழிசலில் ஒரு துணித் துண்டை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சிரட்டையில் வெள்ளையாக என்னவோ இருந்தது.

"ஏனம்மா, இது என்ன, கஞ்சிப் பசையோ?"

"குடிக்கவே கஞ்சி இல்ல, இதுல பசைக்கு எங்க போறது? பாலுங்க. மரத்துப் பாலு. இத விட்டா ஒட்டுறதுக்கு வேற என்னா இருக்கு? எறக்குன கையோட ஒட்டிரணும், நேரமானா கட்டியாயிரும்."

"நேற்று நடந்த கும்பிடுக்கு நீரும் போனீரோ?"

"போகாம? இடுப்பு இன்னும் நிமிரல. தெனமும் பதினொண்ணுலயே முடிஞ்சிரும், நேத்து இருவத்துமூணு."

"என்ன இருபத்துமூன்று?"

"குணவதி, இவருக்கு வேல இருக்கு," என்று பிச்சையம்மாள் குறுக்கே புகுந்தாள். "வாங்க கிராணி, குரங்கு போயிரும்."

"போகட்டும். நீர் சொல்லும் அம்மா."

குணவதி வெட்கத்தோடு சிரித்தாள். "அவங்க குனியச் சொல்ற பக்கந்தான் நம்ம மாரியம்மன் கோயிலு இருக்கு. தோக்கியோவ யாரு கண்டா? பொம்பளைங்க எல்லாம் மனசுக்குள்ள 'மாரியாத்தா தாயே' சொல்லிக்கிட்டேதான் குனிவோம். பதினோரு தடவ சொன்னா தலைவரு நிமிரச் சொல்லிருவாரு. மணி அடிச்ச மாதிரி. நேத்து சொல்லிக்கிட்டே இருக்கேன், மனுசன் கொரலே குடுக்கல. இருவத்துமூணு தடவ சொன்னேன். வேணும்னா இவங்களக் கேளுங்க."

பக்கத்து வீட்டு மருதம்மாளைக் கேட்டார். இருபத்துநான்கு என்றாள், அவள் வேகமாகச் சொல்கிறவளாம்.

கதிரவேலுவின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வழக்கமில்லாத காரியம் என்பதால் தலை லேசாக வலித்தது. எல்லாரும் குனிந்திருந்தார்கள். எப்போது நிமிருவது என்பது ஒரே ஒரு மனிதரின் வாயில் இருந்தது. அந்த மனிதர் நேற்று இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். எதற்கு?

"குணவதி, விடிஞ்ச உடன எல்லாரும் களத்தில நிண்டீங்களே, அப்ப தோட்டத்தில பால் இருக்குமோ?"

"எப்பிடி இருக்கும்? பெரட்டு முடிஞ்சுதானே மரஞ்சீவப் போவாங்க."

கதிரவேலு களத்தை நோக்கி ஓடினார். பிச்சையம்மாள் பின்னால் 'கிராணி, கிராணி' என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. மேசை மேல் அந்த மங்கு இன்னும் இருந்தது. எடுத்துப் பார்த்தார். அடியில் ஒரு தோல் மாதிரிப் பால் காய்ந்து கிடந்தது. பிரட்டு நேரத்தில் தோட்டத்தில் எங்குமே இல்லாத பால், காகிதத்தின் மேல் பாரத்துக்கு வைத்த மங்குக்குள் மட்டும் இருந்திருக்கிறது. யாரோ விடிவதற்கு முன்பே ஒரு மரத்தைத் தனக்காகச் சீவியிருக்கிறார். ஒட்டுவதற்காக.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார், மல்லாந்து படுத்தார். மேல் பலகையின் அடிப்புறத்தில், அவருடைய மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில், பட்டியல் ஒட்டியிருந்தது. அதிகாரி தக்கேதா நேற்று முழுவதும் இதே மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் இருநூறு பேரை விசாரித்தார்.

நாற்பத்தேழு வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதிரவேலு ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். "கண்டுபிடிச்சிட்டன்!" என்று மேசைக்கு அடியில் இருந்தே கத்தினார்.

இரண்டு ஜோடிக் கால்கள் ஓடிவந்தன. முருகையாவின் முகம் ஒரு பக்கமும் பிச்சையம்மாளின் முகம் மறுபக்கமும் குனிந்து எட்டிப் பார்த்தன. இரண்டு முகத்திலும் பாராட்டைக் காணோம்.

"ஐயோ, சத்தம் போடாதீங்க!" என்றார் முருகையா. "மூணு வழக்குல ஒண்ணக்கூடக் கண்டுபிடிக்காத மனுசன்னு ஊரெல்லாம் விசாரிச்சுட்டுத்தானேய்யா உங்களக் கூட்டியாந்தேன்! இன்னிக்குப் போயா கண்டுபிடிக்கணும்?"

கதிரவேலு படுத்தபடியே பிச்சையம்மாளைப் பார்த்தார். "உமக்கும் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா கெடைக்கக் கூடாதுன்னு மாரியாத்தாவ வேண்டிக்கிட்டே வந்தேன். கெடைக்காதுன்னு நம்பிக்கையும் இருந்துச்சு, நீங்கதானே தேடுறீங்க." அவள் கண் கலங்கியது. "பதினேழாவது பேரப் படிங்க கிராணி."

படித்தார். அம்மாசி. வாரம் தவறாமல் டவுனுக்கு அவளுடைய கிழங்கு மூட்டையைச் சுமந்துகொண்டு வரும் தம்பி, கைநாட்டு வைத்த அன்றே தன் இடம் பதினேழு என்று அவளிடம் சொன்னவன். கதிரவேலுவுக்கும் ஒரு கிழங்கை ஓசியாகக் கொடுத்துவிட்டு, இன்னிக்கு யாரக் காணோம் கிராணி என்று கேட்டுச் சிரிப்பவன். பதினேழாவது பேருக்கு நேரே அவனுடைய கட்டை விரல் ரேகை இருந்தது. அதற்குக் கீழே இருபத்தைந்து விரல்கள். அதுவரை காகிதமாக மட்டும் தெரிந்தது அப்போதுதான் ஆட்களாகத் தெரிந்தது. கதிரவேலுவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. குடைக்குச் சீட்டுக் கட்டுகிற புத்தியோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று நினைத்தார்.

கரிவாயுவில் ஓடும் மோட்டார் வண்டி இருமிக்கொண்டு களத்தில் வந்து நின்றது. அவர் வெளியே வருவதற்குள் இரண்டு சப்பாத்துக் கால்கள் மேசைக்கு முன்னால் வந்துவிட்டன.

"மானா கெர்த்தாஸ்?" என்றார் தக்கேதா. காகிதம் எங்கே என்று அரைகுறை மலாயில்.

கதிரவேலு தவழ்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் செம்மண். இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார். முருகையாவின் துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது, அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. பிச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"துவான்," என்றார் கதிரவேலு, தனக்குத் தெரிந்த மலாயில், நிதானமாக. "என் விசாரணை முடிந்தது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நேற்று வணக்கத்தின்போது யாராவது நிமிர்ந்து நின்றார்களா?"

"நான் இருக்கும் இடத்தில் சக்கரவர்த்திக்கு முன்னால் எவன் நிமிர்வான்?" அதிகாரியின் கை இடுப்பு வாளுக்குப் போயிற்று.

"எவனும் நிமிர மாட்டான், துவான். அதைத்தான் நானும் கண்டுபிடித்தேன். எல்லாரும் குனிந்திருந்தார்கள், எல்லாருடைய கையும் முழங்காலில் இருந்தது. ஆகவே யாரும் திருடவில்லை. திருடன் ஒருவன் இருந்தான் என்று எழுதினால், அவன் நிமிர்ந்திருந்தான் என்றும் எழுத வேண்டும். அப்போது துவான் அங்கேதான் இருந்தார் என்றும் எழுத வேண்டும்."

தக்கேதாவின் கை வாளிலிருந்து இறங்கியது. போர் வருவதற்கு முன் அவர் ஏதோ ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவர் என்று சொல்வார்கள். கடுதாசியில் ஏறிவிட்ட வார்த்தை என்ன செய்யும் என்பது இன்னொரு குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருக்காது. தணிந்த குரலில், "அப்படியானால் யார் எடுத்தது?" என்றார்.

"குரங்கு, துவான். அதற்கு ஆணை புரியாது. அது குனியவில்லை."

அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி எகிறிப் போய்ச் செம்மண்ணில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. "போடோ!" என்றார் தக்கேதா. மலாயில் முட்டாள். இரண்டாவது அறையோடு இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு அதே மேசையில் உட்கார்ந்து, அதே பலகையின் மேல் தாளை வைத்து, ஒரு அறிக்கை எழுதினார். அவருடைய முழங்காலுக்கும் பட்டியலுக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருந்தது. அதில் குரங்கு என்று எழுதினாரா, ஆட்களுக்குக் காய்ச்சல் என்று எழுதினாரா என்பது யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் புதுப் பட்டியல் வேண்டும் என்று முருகையாவிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தூரத்தில் மத்தியான ரயில் ஊதியது. நாவல்மரத் தோட்டத்து ஆள் ஒருவர்கூட அதில் இல்லை.

"ஒரு வாரம் போதும்," என்றார் முருகையா. "ஜெராய் மலை அடிவாரத்துல காடு கெடக்கு. ஒவ்வொருத்தனா அனுப்பிச்சுருவேன்." அவர் குனிந்து பட்டியலை உரித்து எடுத்து, நாலாக மடிக்கப் போனார். கதிரவேலு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உடையாத ஒற்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

முதல் பெயர்: முருகையா.

"இது என்ன, தலைவர்?"

முருகையா தலையைக் குனிந்துகொண்டார். பதிலைப் பிச்சையம்மாள் சொன்னாள். "கங்காணிமாருக்கு அது பழக்கம், கிராணி. ஆள் பட்டியலு எழுதுனா தலையில கங்காணி பேருதான் இருக்கும். கங்காணி மரஞ்சீவ மாட்டாரு, அவரு ஆளுங்க சீவுவாங்க. இவரு அந்தப் பழக்கத்துல தன் பேர மேல போட்டு, எல்லாருக்கும் தைரியமா இருக்கட்டும்னு கைநாட்டும் வச்சிருப்பாரு. ஜப்பான்காரனுக்கு அதெல்லாம் என்னா தெரியும்? மொத ஆளுன்னு எண்ணிருப்பான்." அவள் குரல் மாறியது. "அப்ப நீங்க உங்களுக்காகத்தான் ஒளிச்சு வச்சீங்க. எங்க தம்பிமாருக்காக இல்ல."

முருகையா துண்டு நழுவிய வெறுந் தோளைத் தடவிக்கொண்டார்.

கதிரவேலு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பெயருக்குக் கீழே, இடது ஓரத்திலிருந்து, நேர் கோடாக ஒரு கிழிசல். ஒரு விரல் நீளம் வந்து நின்றிருந்தது.

"பொறும் பிச்சையம்மா. முதல் பதினொரு மாரியாத்தா சொல்லுற நேரத்தில இவர் தன் பேரை மட்டும் கிழிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்தத் துண்டை ஒட்டி ஒளிக்கத்தான் பால் கொண்டு வந்தது. கிழிச்சு எடுத்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது." அவர் முருகையாவைப் பார்த்தார். "பிறகு ஏன் நிப்பாட்டினீர்?"

"கிழிக்கும்போது கீழ இருக்குற பேரு கண்ணுல பட்டுச்சு," என்றார் முருகையா. முதல் தடவையாக மெல்லப் பேசினார். "பழனியாண்டி. நான் சொன்னேன்னுதான் கைநாட்டு வச்சான். அவனுக்குக் கீழ பிச்சைன்னு ஒரு பய. அவனும் அப்பிடித்தான். எல்லாருமே நான் சொன்னேன்னுதான்... இருநூறு பேரு முதுகு எனக்கு முன்னால வளைஞ்சு கெடக்கு. மொத்தத்தையும் எடுத்து ஒட்டிட்டேன். அவ்வளவு நேரம் ஆச்சுன்னே எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெளியில சொல்லிருவீங்களா?"

"நான் எதைக் கண்டுபிடிச்சன், சொல்லுறதுக்கு?" என்றார் கதிரவேலு. பிச்சையம்மாள் பட்டியலை வாங்கி அடுப்பில் போடப் போனாள். போகிற வழியில் முருகையாவின் துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

பின்னாளில் தேர்தல் மேடைகளில் எதிராளிகள், ஜப்பான்காரனுக்குத் தினமும் குனிந்தவன் இவன் என்று முருகையாவை ஏசுவார்கள். எந்தக் கேள்விக்கும் அரை மணி நேரம் பதில் சொல்கிற மனிதர் அதற்கு மட்டும் பதில் சொன்னதே இல்லை. சொன்னால், தன் பெயரை மட்டும் கிழிக்கப் போன அந்த முதல் பதினொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த மத்தியானம் ஆண்கள் பால் வாளிகளைத் தோளில் காண்டாக்கட்டை என்ற காவடிக் கழியில் மாட்டிக்கொண்டு வரிசையாகக் காட்டிலிருந்து வந்தார்கள். ரயில் ஊதியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். களத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். முன்னால் வந்த அம்மாசி, செம்மண்ணும் உடைந்த கண்ணாடியும் வீங்கிய கன்னமுமாக நின்ற கதிரவேலுவைப் பார்த்ததும் நின்றான்.

"என்னா கிராணி, காயிதம் கெடச்சுச்சா?"

"இல்லைத் தம்பி. எங்கயும் காணேல்லை."

"அது மூக்குக்கு நேரா தொங்குனாலும் உங்களுக்குக் கெடைக்காது லா!" என்றான் அம்மாசி.

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டது. பால் சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். வாளியை இறக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, ஒருவன் முதுகில் ஒருவன் அறைந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கதிரவேலு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் அடங்குகிற மாதிரி இருந்தது.

"குரங்கெண்டுதான் நான் நினைக்கிறன்," என்றார் சத்தமாக.